டாலியின் அடிப்பக்கம்: உப்புக்காற்றில் நிற்கும் குழாயில் பூச்சு எவ்வளவு பிடித்திருக்கிறது?

ஆனி மாதக் காலை. கீழக்கரைப் பக்கம் ஒரு பணித்தலம். தரைக்கு மேலே ஓடும் இரும்புக் குழாய்க்குப் பூசிய சாம்பல் நிற எபாக்சி வெயிலில் பளபளத்தது. பூசிப் பத்து நாளாகியிருந்தது, நன்றாக இறுகிவிட்டது. தடிமனை அளந்திருந்தார்கள், எல்லா இடத்திலும் சரியாக இருந்தது. பூச்சை இழுத்துப் பார்க்க முந்தைய நாள் ஒட்டிவைத்த மூன்று டாலிகளில் (சிறு அலுமினியக் கட்டைகள்) முதலாவதன் மேல் கருவியைப் பொருத்திக் கைப்பம்பை மெல்ல அழுத்தினேன். இழுவிசையைக் காட்டும் முள் மூன்று மெகாபாஸ்கலைக்கூடத் தொடவில்லை. ‘டப்’ என்று ஒரு சத்தம். டாலி கையோடு வந்துவிட்டது.

திருப்பிப் பார்த்தேன். பூச்சு முழுவதும், இரும்பின் மேல் முதலில் அடித்த பிரைமர் உட்பட, டாலியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. குழாயில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெறும் இரும்பு தெரிந்தது. அதன் மேல் கடுகைவிடச் சிறிய செம்பழுப்புப் புள்ளிகள் ஏழெட்டு.

“அண்ணே, தடிமன் எல்லாம் சரியாகத்தானே இருந்தது?” என்று கேட்டான் பெயிண்டிங் குழுவிலிருந்த இளைஞன். அவன் முகம் வாடிவிட்டது. தடிமன் சரியாகத்தான் இருந்தது. அந்த வேலையை அவன் ஒழுங்காகவே செய்திருந்தான். ஆனால் பூச்சு எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதும், அது இரும்பை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டாவது கேள்வியை நம் பக்கத்தில் மிகக் குறைவாகவே கேட்கிறோம். கேட்கும்போதும் ஓர் எண்ணை எழுதிக்கொண்டு கோப்பை மூடிவிடுகிறோம். டாலியைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. அந்த அடிப்பக்கத்தைப் படிக்கத் தெரிவதே இந்தச் சோதனையின் உயிர் என்பது என் உறுதியான எண்ணம்.

கடல் இரண்டு பக்கமும்

ராமநாதபுரம் கரையில் தென்கடலும் உண்டு, வடகடலும் உண்டு. தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவிலிருந்து உப்புத் துளிகள் கரையேறும். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமிருந்து வரும். மண்டபம், பாம்பன் போன்ற இடங்களில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு கடல் இரும்பின் மேல் வீசிக்கொண்டே இருக்கிறது. 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தின் வரலாற்றில் பெரும்பகுதி துருவோடு நடத்திய போராட்டம்தான். 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் பூச்சும், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் கொடுத்ததற்கு இந்தக் காற்றுதான் காரணம். 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் தொடங்கிய காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், கடலோர அரிமானத்தை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையத்தை வைத்து, உலோகத் தகடுகளைக் காற்றில் நிறுத்தி அளந்ததும் இதனால்தான்.

பூச்சுத் துறையினர் பின்பற்றும் ஐஎஸ்ஓ 12944 தரநூல், காற்றின் அரிக்கும் தன்மையைப் படிப்படியாகப் பிரிக்கிறது. உப்பு மிகுந்த கடற்கரைக்குரிய சி5 வகையில், பூச்சில்லாத சாதாரண எஃகு முதல் ஆண்டிலேயே 80 முதல் 200 மைக்ரான் வரை கரையும். அதற்கும் மேலே சிஎக்ஸ் என்ற வகை இருக்கிறது; அதில் இழப்பு 700 மைக்ரான் வரை போகும். ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்களின் கனம் புரியும்.

இப்படிப்பட்ட கரையில் குழாய்கள் குறைவாக இல்லை. காவிரிப் படுகையின் ராமநாதபுரம் பகுதியில் கிடைக்கும் எரிவாயு வழுதூர் மின் நிலையத்துக்குக் குழாயில் போகிறது. ராமநாதபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 143 கிலோமீட்டர் இயற்கை எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரி 17-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2009 முதல் திருச்சிப் பக்கத்திலிருந்து இங்கே தண்ணீர் கொண்டுவருகிறது. இவற்றைத் தவிர உப்பளங்களிலும் இறால் பண்ணைகளிலும் ஐஸ் ஆலைகளிலும் உள்ள சிறு குழாய்கள் கணக்கில் அடங்காது. நான் சொல்லும் குறைகள் மேலே பெயர் சொன்ன எதையும் பற்றியவை அல்ல. ஆனால் இந்தக் காற்று எல்லாக் குழாய்க்கும் பொது.

ஓட்டை இல்லை என்பது போதாது

குழாய்ப் பூச்சைப் பரிசோதிக்கும் வழக்கமான கருவிகள் இரண்டு. ஒன்று தடிமன் அளப்பது. மற்றொன்று பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கிறதா என்று பார்ப்பது. இந்தத் துளையைத் தொழிலில் ஹாலிடே என்பார்கள். மெல்லிய பூச்சானால் ஈரப் பஞ்சும் குறைந்த மின்னழுத்தமும் போதும். பாலிஎத்திலீன் போன்ற கனமான பூச்சானால், ஆயிரக்கணக்கான வோல்ட்டில், சில நேரம் 25 கிலோவோல்ட் வரை, ஒரு சுருள்கம்பி வளையத்தைக் குழாயின் மேல் உருட்டிக்கொண்டே போவார்கள். துளை இருந்தால் தீப்பொறி பறக்கும், மணி அடிக்கும்.

இரண்டும் நல்ல சோதனைகள், இரண்டும் கட்டாயம் தேவை. ஆனால் குழாயின் மேல் ஒட்டவே ஒட்டாமல் உறைபோல் போர்த்தியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் படலம்கூட இந்த இரண்டிலும் தேறிவிடும். தடிமன் இருக்கும், துளை இருக்காது, பிடிப்பு மட்டும் இருக்காது. அத்திப்பழத்தைப் புட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்பார்களே, அதுபோலப் புட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மண்ணில் புதைந்த குழாயில் இந்தக் குறை இன்னும் ஆபத்தானது. அங்கே பூச்சுக்குத் துணையாக மின்வழிப் பாதுகாப்பு இருக்கும். மண்ணின் வழியாகச் சிறு மின்னோட்டத்தைக் குழாய்க்கு அனுப்பி, தாமிரம்–தாமிர சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டால் மைனஸ் 0.85 வோல்ட் அல்லது அதற்கும் கீழே குழாயை வைத்திருப்பார்கள். பூச்சில் எங்காவது துளை விழுந்தாலும் அந்த மின்னோட்டம் துளைக்குள் புகுந்து இரும்பைக் காக்கும். பூச்சும் மின்னோட்டமும் கைகோத்துச் செய்யும் வேலை இது. ஆனால் பூச்சு கிழியாமல், துளையும் விழாமல், இரும்பை விட்டு விலகி மட்டும் நின்றால் என்ன ஆகும்? விலகிய இடைவெளிக்குள் ஓரமாக நிலத்தடி நீர் ஊறிப் புகும். பாலிஎத்திலீன் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே பாதுகாப்பு மின்னோட்டம் உள்ளே போக முடியாது. தரைக்கு மேலே நின்று எடுக்கும் மின் அளவீடுகளில் எல்லாம் சரியாகவே தெரியும். உள்ளே இருட்டில் இரும்பு கரைந்துகொண்டிருக்கும். காக்க வந்த பூச்சே காவலை மறைக்கும் திரையாகிவிடுகிறது. பிடிப்புச் சோதனைக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

டாலி

டாலி என்பது ஒரு சிறிய அலுமினியக் கட்டை. பொதுவாக அடிப்பக்க விட்டம் 20 மில்லிமீட்டர். அதைப் பூச்சின் மேல் பசைபோட்டு ஒட்டி, பசை இறுகிய பிறகு, கருவியால் செங்குத்தாக மேல்நோக்கி இழுப்பதுதான் சோதனை. எந்த இழுவிசையில் பிய்கிறது என்று கருவி காட்டும். இதற்கான உலகத் தரநூல்கள் ஐஎஸ்ஓ 4624, ஏஎஸ்டிஎம் டி4541. கருவி ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிடும். கைப்பம்பு வைத்த நீரியல் வகையும் உண்டு, சக்கரத்தைத் திருகும் வில்சுருள் வகையும் உண்டு, மின்கலத்தில் தானே சீராக இழுக்கும் வகையும் உண்டு. மின்சாரம் இல்லாத திடலில், மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் வேலை பார்க்கலாம். ஆய்வகத்துக்குத் துண்டு வெட்டி அனுப்ப வேண்டியதில்லை. குழாய் நிற்கும் இடத்திலேயே, அது படும் காற்றிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

5 மெகாபாஸ்கல் என்றால் எவ்வளவு? 20 மில்லிமீட்டர் டாலியின் பரப்பில் அது சுமார் 160 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். நாணயம் அளவு பூச்சில் இரண்டு பெரியவர்களைத் தொங்கவிடுவது போல. நல்ல பிளாஸ்டிங் (துகள்களை வேகமாகப் பீய்ச்சித் துருவையும் அழுக்கையும் நீக்குவது) செய்த எஃகின் மேல் ஒழுங்காகப் பூசிய எபாக்சி இதைத் தாங்குவதோடு, இதற்கு இரு மடங்கையும் தாங்கும்.

சோதனையின் பலன் பாதிக்குமேல் ஒட்டும்போதே முடிவாகிவிடுகிறது. டாலியின் அடியை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். பூச்சையும் லேசாகத் தேய்த்து, தூசியும் பிசுக்கும் போகத் துடைக்க வேண்டும். இரு பகுதி எபாக்சிப் பசையைச் சம அளவில் கலந்து மெல்லிய படலமாகத் தடவி, டாலியை அழுத்தி, ஓரத்தில் பிதுங்கும் பசையைப் பஞ்சுக்குச்சியால் சுற்றித் துடைத்துவிட வேண்டும். பிதுங்கிய பசை அப்படியே இறுகினால் டாலி இழுக்கும் பரப்பு பெரிதாகிவிடும். எண் பொய்யாக உயரும். குழாய் வளைவானது என்பதால் டாலி வழுக்கும். நம் வெயிலில் பசை இளகிக் கூடுதலாகவே வழுக்கும். ஆகவே டேப் போட்டு இறுக்கி, மேலே ஒரு தென்னங்கீற்றோ தார்ப்பாயோ நிழலுக்குப் போட்டுவிட்டு மறுநாள் காலைதான் இழுப்பேன். நண்பகலில் கையை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் குழாயில் இழுத்தால் பூச்சும் பசையும் இளகிய நிலையில் இருக்கும். அப்போது கிடைக்கும் எண்ணைக் காலையில் கிடைத்த எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. சிறிய விட்டமுள்ள குழாயானால் 20 மில்லிமீட்டர் டாலி நடுவில் தொட்டு ஓரங்களில் தூக்கி நிற்கும். பசை ஒரே கனத்தில் அமையாது. அங்கே 10 அல்லது 14 மில்லிமீட்டர் டாலியை எடுப்பது நல்லது.

இழுப்பதிலும் பொறுமை வேண்டும். வினாடிக்கு 1 மெகாபாஸ்கலுக்கு மேல் ஏறக் கூடாது. ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்தும் விட வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் எண் மாறும். கைப்பம்பில் இந்தச் சீரான வேகம் கையின் பழக்கத்தில் வருவது. ஒரே பூச்சில் வேறு வேறு வகைக் கருவிகள் வேறு வேறு எண் காட்டுவது இயல்பு; தரநூலே இதைச் சொல்லி எச்சரிக்கிறது. எந்தக் கருவி என்று எழுதாத பிடிப்பு எண்ணை நான் ஏற்பதில்லை.

இனி அந்த அடிப்பக்கம். டாலியைப் பிய்த்ததும் முதலில் பார்க்க வேண்டியது, எது எதிலிருந்து பிரிந்தது என்பதை. சில இடங்களில்தான் பிரிய முடியும். இரும்புக்கும் பிரைமருக்கும் இடையே பிரியலாம். பிரைமருக்குள்ளேயே கிழியலாம், அப்போது இரண்டு பக்கமும் பிரைமர் நிறம் இருக்கும். ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையே பிரியலாம். மேற்பூச்சுக்குள் கிழியலாம். கடைசியாக, பசையே விட்டுப்போகலாம். தரநூலில் இதற்கு எழுத்துக் குறிகள் உண்டு: இரும்பு ஏ, முதல் பூச்சு பி, அடுத்தது சி, பசை ஒய், டாலி இசட். ‘ஏ/பி 100 சதவீதம்’ என்று எழுதினால் முழு வட்டமும் இரும்பை விட்டு வந்துவிட்டது என்று பொருள். அந்த ஆனி மாதக் காலையில் நான் எழுதியது அதுதான்.

பசை விட்டுப்போன டாலியைப் பற்றித்தான் தவறு மிகுதியாக நடக்கிறது. வேண்டிய அளவு 5 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். 9-இல் பசை விட்டது என்றால், பூச்சு 9 வரை தாங்கியிருக்கிறது, அதற்கு மேலும் தாங்கலாம், தேறியது. ஆனால் 4-இல் பசை விட்டால் பூச்சைப் பற்றி நமக்கு எதுவும் தெரியவில்லை. அது பசைக்கு நடந்த சோதனை. அதைத் தோல்வி என்று எழுதுவதும் தவறு, அதன் எண்ணையும் சேர்த்துச் சராசரி போடுவதும் தவறு. மறுபடி ஒட்டத்தான் வேண்டும்.

இன்னொன்று. ஒரு குழாயில் 7 மெகாபாஸ்கல் வந்தது. ஆனால் மூன்று டாலியிலும் பூச்சு இரும்பை விட்டு முழுதாக வந்தது. மற்றொரு குழாயில் 6 வந்தது. மூன்றும் மேற்பூச்சுக்குள் கிழிந்தன, பிரைமர் அசையவில்லை. இரண்டும் வரம்புக்கு மேலேதான். எந்தக் குழாயை நம்புவது என்றால் நான் இரண்டாவதைச் சொல்வேன். பூச்சு தன் உடம்பில் கிழிவது அதன் இயல்பான வலுவின் எல்லை. இரும்பை விட்டு விலகுவது, அந்த எல்லைக்கோட்டில் ஏதோ ஓர் அந்நியப் பொருள் உட்கார்ந்திருக்கிறது என்பதன் அடையாளம். காய்ந்த நாளில் 7 காட்டும் அந்த இடத்தில் ஐப்பசி மழையின் ஈரம் ஊறிய பிறகு எவ்வளவு காட்டும் என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது. முடிந்த இடங்களில், ஒரு வாடைக் காலம் கழிந்த பிறகு அதே குழாயில் மறுபடி டாலி ஒட்டிப் பார்ப்பது என் வழக்கம். புதுப் பூச்சின் எண்ணைவிட அந்த இரண்டாவது எண்ணே எனக்குப் பெரிது.

டாலியைச் சுற்றிப் பூச்சை வட்டமாக வெட்டிவிட்டு இழுப்பதா, வெட்டாமல் இழுப்பதா என்ற விவாதம் பழையது. வெட்டும்போது மெல்லிய பூச்சில் நுண் விரிசல் விழுந்து எண் குறையும். கனமான, நார் கலந்த பூச்சில் வெட்டாவிட்டால் சுற்றியுள்ள பூச்சு டாலியைப் பிடித்துக்கொண்டு எண்ணை உயர்த்தும். நான் மெல்லிய எபாக்சியில் வெட்டுவதில்லை, கனமானதில் வெட்டுகிறேன். எதைச் செய்தாலும் அறிக்கையில் எழுதிவிட வேண்டும்.

பூச்சுக்கு ஏற்ற சோதனை

டாலி எல்லாப் பூச்சுக்கும் ஆகாது. பாலிஎத்திலீன் மேல் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது. அங்கே டாலி ஒட்டுவது வீண். மெல்லிய பெயிண்டில் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி டேப் ஒட்டிப் பிய்க்கும் சோதனை போதும். 125 மைக்ரானுக்கு மேல் போனால் கட்டத்துக்குப் பதில் பெருக்கல் குறிபோல் இரண்டு கீறல். தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கிய எபாக்சியில் ஆங்கில ‘வி’ வடிவில் இரும்பு வரை வெட்டி, கூர்முனையில் கத்தி நுனியைக் கொடுத்து நெம்பிப் பார்ப்பார்கள். சில்லுச் சில்லாக உதிர்ந்தால் நல்லது. தகடுபோல் எழும்பினால் கெட்டது.

நீண்ட தூரம் புதைத்துச் செல்லும் எரிவாயுக் குழாய்களில் பெரும்பாலும் மூன்றடுக்குப் பூச்சு இருக்கும்: அடியில் எபாக்சி, நடுவில் ஒட்டுப்பசை, மேலே பாலிஎத்திலீன். ஆலையில் சீரான சூட்டில் பூசி வருவதால் அதில் பெரிய குறை அரிது. குறை வருவது இணைப்புகளில். ஒரு குழாய் சுமார் 12 மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 80-க்கும் மேற்பட்ட வெல்டிங் இணைப்புகள். ஒவ்வொன்றையும் திடலில், காற்றிலும் வெயிலிலும் நின்று மனிதர்கள் கையால் மூடுகிறார்கள். இரும்பைச் சுத்தம் செய்து, சூடேற்றி, எபாக்சி பிரைமர் தடவி, சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் உறையான ஸ்லீவைச் சுற்றி, எரிவாயுத் தீவட்டியால் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சூடுகாட்டி, ரோலரால் அழுத்திக் காற்றை வெளியேற்றுகிறார்கள்.

இங்கேதான் நம் கரைக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. கச்சான் பலமாக வீசும்போது தீவட்டியின் சுடர் ஒரு பக்கமாகச் சாயும். காற்று நேராக அடிக்கும் பக்கம் குழாய் குளிர்ந்துகொண்டே இருக்கும். ஸ்லீவ் சுருங்கியது போலத் தெரியும், உள்ளே இருக்கும் பசை உருகியிருக்காது. எதிர்ப்பக்கம் நன்றாக உருகியிருக்கும். சோதனை செய்பவர் தனக்கு வசதியாகக் காற்றுக்கு முதுகைக் காட்டி மறைவான பக்கத்தில் பட்டை வெட்டி உரித்துப் பார்த்தால் இணைப்பு தேறிவிடும். ஆகவே எந்த இணைப்பிலும், அதைச் சூடுகாட்டிய நேரத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று முதலில் விசாரிக்கிறேன். அந்தப் பக்கத்தில் ஒன்று, குழாயின் அடிவயிற்றில் ஒன்று என்று வெட்டுகிறேன். காற்றுத் தடுப்புக் கூடாரம் போடாமல் இந்தக் கரையில் ஸ்லீவ் போடவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

உரித்தல் சோதனைக்குக் கருவி மிக எளியது. குழாயின் சுற்றளவு வாக்கில் 25 மில்லிமீட்டர் அகலத்தில் இரும்பு வரை இரண்டு வெட்டு. ஒரு முனையை நெம்பித் தூக்கி, கவ்வியில் பிடித்து, வில்தராசை மாட்டி, குழாய்க்குச் செங்கோணத்தில் மெதுவாக இழுக்க வேண்டும். ஆய்வகத்தில் நிமிடத்துக்கு 10 மில்லிமீட்டர் வேகம். திடலில் கையால் அதற்கு அருகில் வரப் பழக வேண்டும். இந்தப் பசை சூட்டில் இளகும் வகை என்பதால் குழாயின் வெப்பநிலையை அதே நேரத்தில் அளந்து எழுதாவிட்டால் தராசு காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை. இங்கேயும் எண்ணுக்கு முன்பு பார்க்க வேண்டியது உரிந்த பட்டையின் முகம். பசை நடுவில் கிழிந்து இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தால் வேலை சரி. பசை முழுவதும் பட்டையோடு வந்து, குழாயில் பிரைமர் கண்ணாடிபோல் மின்னினால், அந்தப் பசை உருகவே இல்லை.

கண்ணுக்குத் தெரியாத உப்பு

முதல் காட்சியில் அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன? விசாரித்ததில் தெரிந்தது இதுதான். மாலையில் பிளாஸ்டிங் முடித்திருந்தார்கள். இருட்டிவிட்டதால் பிரைமர் அடிக்கவில்லை. இரவெல்லாம் கச்சான் வீசியது. காலையில் பார்த்தபோது இரும்பு சாம்பல் நிறமாகவே இருந்தது, துரு தெரியவில்லை. அதன் மேலேயே பிரைமரை அடித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கண் எதைக் காட்டியதோ அதை நம்பினார்கள்.

கடல் உப்பில் சாதாரண உப்பு மட்டும் இல்லை. மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே கசிந்துவிடும். நம் கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே பூச்சுக்கு அடியில் சிக்கிய உப்பு எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. பூச்சின் வழியாக நீராவியை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. கொப்புளம் அப்படித்தான் கிளம்புகிறது.

இதைப் பூசுவதற்கு முன்பே கண்டுபிடிக்கச் சட்டைப்பையில் அடங்கும் சோதனை ஒன்று உண்டு. நடுவில் குழிவுள்ள ஓர் ஒட்டுப்பட்டையை இரும்பின் மேல் ஒட்டி, ஊசியால் சில மில்லிலிட்டர் தூய நீரை உள்ளே செலுத்தி, இழுத்து, மறுபடி செலுத்தி, கடைசியில் வெளியே எடுத்து அதன் மின்கடத்துத் திறனை அளக்க வேண்டும். அதிலிருந்து சதுர மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று கணக்கு வரும். குழாய்ப் பணிகளில் பெரும்பாலும் 20 மில்லிகிராமை எல்லையாக வைக்கிறார்கள். கால் மணி நேரத்துக்குள் முடியும் வேலை. அந்தக் குழாயில் பூச்சைச் சுரண்டிவிட்டு இதைச் செய்தபோது அளவு எல்லையைத் தாண்டியே இருந்தது.

உப்பு இருந்தால் கழுவ வேண்டும். எதால் கழுவுவது? இந்த மாவட்டத்தில் இது சிறிய கேள்வி இல்லை. கடலோர ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. அதைப் பீய்ச்சிக் குழாயைக் கழுவினால், போக்க வந்ததையே புதிதாகப் பூசியதாகும். குடிநீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில், குழாய் கழுவ நல்ல தண்ணீர் கேட்பது எனக்கும் சங்கடம்தான். ஆனாலும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. அந்தச் செலவை ஒப்பந்தத்திலேயே தனி வரியாகக் காட்டிவிட வேண்டும். பிளாஸ்டிங்குக்குப் பயன்படும் மணலுக்கும் இதே விதி. கரையில் அள்ளிய மணலில் உப்பும் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா தூசியும் இருக்கிறது. கழுவிச் சலித்த கார்னெட் என்ற கனிமத் துகள் அல்லது இரும்புத் துகள்தான் சரி.

மார்கழி, தை விடியலில் உப்போடு பனியும் சேர்ந்துகொள்ளும். இரும்பின் வெப்பநிலை, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும் என்பது விதி. வெயில் ஏறிக் குழாய் வெதுவெதுப்பாகும் வரை காத்திருந்தால் போதும்; அதற்குக் காசு எதுவும் செலவில்லை.

அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்

என் கைக்கு வரும் பல அறிக்கைகளில் ‘பிடிப்பு: 6.2, தேறியது’ என்று ஒரே வரி இருக்கிறது. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பத்தாண்டு கழித்து அந்தக் குழாயைத் தோண்டுபவர் என்ன தெரிந்துகொள்வார்? எங்கே எடுத்தது, எந்தக் கருவி, எத்தனை டாலி, அப்போது இரும்பு எவ்வளவு சூடாக இருந்தது, எது எதிலிருந்து எத்தனை சதவீதம் பிரிந்தது என்று எழுதினால் ஒரு பக்கம்கூட வராது. டாலியின் அடிப்பக்கத்தையும் குழாயில் விழுந்த வட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு புகைப்படம் எடுத்தால் இன்னும் நல்லது; இன்று எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. வேலை எடுத்தவர், கொடுத்தவர், சோதித்தவர் மூவருக்கும் சண்டை வராமல் காப்பது அந்தப் படம்தான். டாலியில் எண் பொறித்து ஓர் உறையில் போட்டுப் பாதுகாப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

சோதனை பூச்சைக் கெடுக்கும் சோதனை என்பதையும் மறைக்கக் கூடாது. ஒவ்வொரு டாலியும் ஒரு காயம். அதனால் எத்தனை, எங்கே என்று முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். குழாயோடு சேர்த்து பிளாஸ்டிங் செய்து பூசிய ஒரு தனித் தகட்டைப் பக்கத்தில் வைத்து, அதில் சில டாலிகளை ஒட்டுவது காயத்தைக் குறைக்கும். ஆனால் தகட்டை மட்டும் சோதித்துவிட்டுக் குழாயைத் தொடாமல் விடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தகட்டை நிழலில் வைத்து நிதானமாகப் பூசியிருப்பார்கள். குழாயின் அடிவயிற்றுக்கு அந்த நிதானம் கிடைத்திருக்காது.

கீழக்கரைப் பக்கத்துக் குழாயை மறுபடி பிளாஸ்டிங் செய்தார்கள். இம்முறை தெற்குப் பக்கம் முழுவதும் தார்ப்பாய் கட்டியாயிற்று. நல்ல தண்ணீர் லாரி ஒன்று வந்தது. காலை எட்டு மணிக்குத் தொடங்கி, உப்புச் சோதனை பார்த்து, நண்பகலுக்குள் பிரைமர் அடித்து முடித்தார்கள். பத்து நாள் கழித்து மறுபடி மூன்று டாலி. முதலாவது பிய்ந்ததும் அந்த இளைஞன் முள்ளைப் பார்க்கவில்லை. டாலியைத் திருப்பி அடிப்பக்கத்தை என்னிடம் நீட்டினான். சாம்பல் நிறம். குழாயில் இருந்த வட்டமும் சாம்பல் நிறம். மேற்பூச்சுக்குள் கிழிந்திருந்தது.

மூன்று வட்டங்களையும் ஓரம் தேய்த்துச் சரித்து, துடைத்து, அன்று மாலைக்குள் அடைத்தோம். அதற்குள் கச்சான் கிளம்பிவிட்டது. பூச்சு கை ஒட்டாத அளவுக்குக் காயும் வரை தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்க வேண்டியிருந்தது.